மாதக் காலண்டரா, நோட்டா, போனா: வீட்டு விஷயங்களை எங்கே எழுதி வைப்பது?

2023 சித்திரைத் திருவிழா நேரத்தில் என் மனைவி, தங்கையின் பிரசவத்துக்காக ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் அங்கேயே இருக்க வேண்டியதாகிவிட்டது. மதுரையில் திருவிழா என்றால் விருந்தாளி வராத வீடு கிடையாது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்தவர்கள் எங்கள் வீட்டில் மட்டும் ஆறு பேர். அன்று காலை இட்லி பாதி வெந்துகொண்டிருக்கும்போது கேஸ் தீர்ந்தது. சரி, இன்னொரு சிலிண்டரை மாட்டலாம் என்று தூக்கினால் அதுவும் காலி, யாரும் பதிவே செய்திருக்கவில்லை. அடுத்த நாள் பார்த்தால் அம்மாவின் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோயிருக்கிறது. வீட்டில் கூட்டமாக இருக்கிறதே என்று அம்மா ஒருநாள் மாத்திரை போடாமலேயே இருந்துவிட்டு மறுநாள்தான் சொன்னார். ஏப்ரல் 30-க்குள் கட்டினால் சொத்து வரியில் கிடைக்கிற 5 சதவீதச் சலுகையும் அதற்குள் போய்விட்டது.

மனைவியிடம் போனில் சொன்னபோது, "சிலிண்டர் மாட்டி முப்பத்தெட்டு நாள் ஆகியிருக்குமே, தீரத்தான் செய்யும்" என்றாள். எங்கேயும் பார்த்துச் சொல்லவில்லை, மனசுக்குள்ளேயே அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. மாத்திரை, வரி, பால் அட்டை, பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வேண்டிய பணம், எல்லாமே அவள் தலைக்குள்தான் இருந்திருக்கிறது. பத்துப் பதினைந்து வருஷமாக ஒருத்தியே இத்தனையையும் சுமந்துகொண்டிருக்கிறாள், நாங்கள் யாரும் அதை ஒரு வேலையாகவே பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் திரும்பி வந்ததும் இருவரும் உட்கார்ந்து பேசினோம். வீட்டு விஷயம் எல்லாம் ஒரே இடத்தில் எழுதி இருக்க வேண்டும், வீட்டில் உள்ள எல்லோர் கண்ணிலும் பட வேண்டும், போனில் பேசுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத அம்மாவும் அதில் எழுத முடிய வேண்டும், செலவு நூறு ரூபாயைத் தாண்டக் கூடாது. இவ்வளவுதான் நாங்கள் வைத்துக்கொண்ட நிபந்தனை. அடுத்த ஒரு வருஷத்தில் ஒவ்வொரு வழியாகச் செய்து பார்த்தோம். உங்கள் வீட்டுக்கு எது ஒத்துவரும் என்று யோசிக்கிறவர்களுக்கு இது உதவும்.

முதலில் போன். ஏற்கெனவே கையில் இருப்பது, தனியாகச் செலவு இல்லை, நேரம் வந்தால் அதுவே கூப்பிடும். கூகுள் காலண்டரில் நானும் மனைவியும் ஒரே காலண்டரைப் பகிர்ந்துகொண்டோம். கூகுள் கீப்பில் மளிகை லிஸ்ட் போட்டு, வாங்க வாங்க டிக் அடித்தால் மற்றவர் போனிலும் அது தெரிந்தது. திரும்பத் திரும்ப வருகிற தேதிகளுக்கு இதை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. உதாரணத்துக்கு 28 நாள் ரீசார்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் வருஷத்துக்கு 13 முறை வருகிறது, தேதியும் பெரும்பாலும் ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே வந்துவிடுகிறது. 28 நாள் என்பது சரியாக நான்கு வாரம், அதனால் கிழமை மட்டும் மாறாது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று ஒரே ஒரு தடவை போனில் போட்டு வைத்தால் அதை மறந்துவிடலாம்.

ஆனால் இரண்டு மாதத்திலேயே ஒன்று புரிந்தது. போனில் இருப்பது போன் வைத்திருப்பவருக்கு மட்டும்தான் தெரிகிறது. அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் அது இல்லாத மாதிரிதான். சமையலறையில் கடுகு தீர்ந்துவிட்டதை அம்மா பார்த்தால் அதை மனைவியிடம்தான் சொல்ல வேண்டும், மனைவி அதை நினைவில் வைத்திருந்து கை துடைத்த பிறகு போனை எடுத்து எழுத வேண்டும். அதாவது சுமை இருந்த இடத்திலேயே இருந்தது. அலாரமும் அப்படித்தான், வண்டியில் போகும்போது அடிக்கிறது, அணைத்துவிடுகிறோம், அதோடு போச்சு. குடும்ப வாட்ஸாப் குழுவில் எழுதலாமே என்று அதையும் செய்து பார்த்தோம். காலை வணக்கப் படங்களுக்கு அடியில் மளிகை லிஸ்ட் புதைந்துபோகிறது. மேலே பின் செய்து வைக்கலாம், அதுவும் அதிகபட்சம் 30 நாள்தான்.

தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிற பிள்ளைகளுக்கும், இருவரும் வேலைக்குப் போய் வீட்டில் வேறு பெரியவர்கள் இல்லாத தம்பதிக்கும் போன் ஒன்றே போதும், இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். பெரியவர்கள், பிள்ளைகள் என்று நான்கைந்து பேர் இருக்கிற வீட்டுக்கு அது மட்டும் போதாது.

அடுத்து தினசரி காலண்டர். எங்கள் வீட்டில் அது இல்லாத நாளே கிடையாது. அம்மாவுக்கு ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம், அமாவாசை, கார்த்திகை எல்லாம் அதில்தான். முகூர்த்த நாள் பார்ப்பதற்கும் அதுதான், ஆவணியிலும் தையிலும் எத்தனை கல்யாணம் வரும் என்பது வீட்டுச் செலவைப் பற்றிய விஷயமும் கூட. ஆனால் எழுதி வைக்க அது உதவாது. அடுத்த வாரத்தில் ஏதாவது குறிக்க வேண்டும் என்றால் தாள்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுத வேண்டும், எழுதியது அந்த நாள் வரும் வரைக்கும் யார் கண்ணிலும் படாது. அன்று காலையில் "இன்று கடைசி நாள்" என்று பார்த்து என்ன பிரயோஜனம்? தாளைக் கிழித்ததும் எழுதியதும் சேர்ந்து போய்விடுகிறது. நேரம் பார்க்க அது இருக்கட்டும், குறித்து வைக்க வேறு வேண்டும்.

டைரி பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கடைக்காரர்களும் அலுவலகத்திலும் கொடுப்பதால் இலவசம், ஆனால் மூடி வைக்கிற எதுவும் வீட்டுக்குப் பொதுவாக இருக்காது. ஒருத்தர் தன் சொந்த வேலைகளைக் குறித்துக்கொள்ள நல்லது. ஆன்லைனில் ஐந்நூறு அறுநூறு ரூபாய்க்கு விற்கிற அழகான பிளானர்களும் உள்ளே பார்த்தால் கட்டம் போட்ட டைரிதான், அந்தப் பணத்துக்கு ஒரு மாதப் பருப்பு வாங்கிவிடலாம்.

வெள்ளைப் பலகையை ரொம்ப நம்பி வாங்கினேன். சின்னதாக ஒன்று, மார்க்கரோடு சேர்த்து 240 ரூபாய் ஆயிற்று, நிபந்தனையை அங்கேயே மீறினேன். சமையலறைச் சுவரில் மாட்டியதும் எல்லோரும் ஆசையாக எழுதினார்கள். "தீர்ந்தது" என்று தலைப்புப் போட்டு அதன் கீழே என்ன தீர்ந்தாலும் அப்போதே எழுதுவது, இதற்கு அதை விட நல்லது எதுவும் இல்லை. ஆனால் மார்க்கர் மூன்று வாரத்தில் காய்ந்தது, தாளிக்கிற எண்ணெய்ப் பிசுக்கு படிந்து எழுதியது அழியாமல் நின்றது, பலகை நிறைந்ததும் யாரோ ஒருத்தர் இடம் வேண்டும் என்று அம்மாவின் ஸ்கேன் தேதியைத் துடைத்துவிட்டார். தேதியைப் பலகையில் எழுதக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தோம். இப்போது அதே வேலையை இளையவனின் பழைய சிலேட்டு செய்கிறது. குச்சி மலிவு, ஈரத் துணியால் துடைத்தால் போதும், அரிசி டப்பா பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. தீர்ந்த சாமான் மட்டும் எழுதுகிறோம், வேறு எதுவும் இல்லை.

இனி மாதக் காலண்டர். இதில்தான் கடைசியில் வந்து நின்றோம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு மாதம் முழுவதும் ஒரே தாளில், ஒரு நாளைக்கு ஒரு கட்டம். என் சின்ன வயதில் அம்மா இதில்தான் பால் கணக்கு எழுதுவார், பால் வராத நாளில் ஒரு பெருக்கல் குறி, கூடுதலாக வாங்கிய நாளில் "+½". மாதக் கடைசியில் பால்காரரும் அம்மாவும் காலண்டர் முன்னால் நின்று கூட்டிப் பார்ப்பார்கள், இருவருக்கும் சண்டையே வந்ததில்லை. எங்கள் வீட்டில் இந்தப் பழக்கம் ஏற்கெனவே இருந்திருக்கிறது, நடுவில் விட்டுவிட்டோம்.

தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நகைக்கடை, ஜவுளிக்கடை இலவசமாகக் கொடுக்கும் காலண்டர்களில் பாதித் தாளைப் படமும் விளம்பரமும் எடுத்துக்கொள்ளும், கட்டம் தபால் தலை அளவுக்குத்தான் இருக்கும். வேண்டியது கட்டம் பெரிதாக உள்ள காலண்டர். சிவகாசியில் அச்சாவது வகை வகையாக இருக்கிறது, மார்கழியில் புத்தகக் கடைகளில் விரித்து வைத்திருப்பார்கள், கட்டைவிரலை ஒரு கட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள், விரலைச் சுற்றி இடம் மிச்சம் இருந்தால் வாங்கலாம். நான் வாங்கியது 50 ரூபாய். தமிழ்த் தேதியும் போட்டிருந்தால் அம்மாவுக்கும் வசதி.

எழுத ஆரம்பித்த பிறகுதான் அதன் பலம் தெரிந்தது. சிலிண்டர் மாட்டுகிற அன்று அந்தக் கட்டத்தில் "சி" என்று எழுதுகிறோம். 14.2 கிலோ சிலிண்டர் எங்கள் வீட்டுக்கு 36-லிருந்து 42 நாள் வருகிறது என்பது ஐந்தாறு சிலிண்டருக்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இப்போது மாட்டிய அன்றே காலி சிலிண்டருக்குப் பதிவு செய்துவிடுகிறோம், அதைச் செய்வது பெரும்பாலும் ஏழாவது படிக்கிற மூத்தவள்தான், காலண்டரில் எழுத்தைப் பார்த்தால் அவளுக்கே தெரியும்.

மின்கட்டணத்தில் இதைவிடப் பெரிய லாபம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள், 2024 கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகிறது என்பது பலருக்குத் தெரியாது. 500-க்குள் இருந்தால் 101-லிருந்து 200 வரையிலான யூனிட்டுக்குக் கிட்டத்தட்டப் பாதி விலைதான். 501 ஆனதும் அந்தச் சலுகை முழுவதும் போய்விடும், அந்த ஒரே யூனிட்டால் பில் இருநூறு ரூபாய்க்கு மேல் கூடும். அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மீட்டரில் உள்ள எண்ணைப் பார்த்து அந்தக் கட்டத்தில் எழுதுகிறோம். 60 நாளுக்கு 500 என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 8 யூனிட், வாரத்துக்கு 56. போன கோடையில் மூன்றாவது வாரமே 70-ஐத் தொட்டது. ஏசியை இரவு இரண்டு மணிக்குத் தானாக அணைகிற மாதிரி வைத்தோம், கடைசியில் 488-ல் நின்றது. முன்பெல்லாம் ரீடிங் எடுத்து, பில் தொகை குறுஞ்செய்தியில் வந்த பிறகு வருத்தப்படுவதுதான் வழக்கம். முன்னாலேயே எண் கண்ணில் பட்டால்தானே ஏதாவது செய்ய முடியும்!

அம்மாவின் மாத்திரைக்கும் இதுதான். வாங்கிய அன்றே தீரும் தேதியைக் கணக்குப் போட்டு, அதற்கு ஐந்து நாள் முன்னால் உள்ள கட்டத்தில் சிவப்புப் பேனாவில் "மாத்திரை" என்று அம்மாவே எழுதிவிடுகிறார். தன் மருந்தைத் தானே பார்த்துக்கொள்கிறோம் என்பதில் அவருக்கு எவ்வளவு நிம்மதி என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன்.

இதற்கும் குறை உண்டு. காலண்டர் கூப்பிட்டு நினைவுபடுத்தாது, நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். அதனால் மாட்டுகிற இடம் முக்கியம். ஹாலில் மாட்டியபோது ஒருத்தரும் பார்க்கவில்லை, தண்ணீர்க் குடத்துக்கு மேலே மாற்றியதும் ஒரு நாளைக்குப் பத்து தடவை பார்க்கிறார்கள். இன்னொன்று, டிசம்பரோடு அது முடிந்துவிடுகிறது, வருஷம் தாண்டிப் போகிற விஷயத்தை எழுத அதில் இடம் கிடையாது.

அந்த இடத்தில்தான் நோட்டு வருகிறது. தமிழ்நாட்டு வீடுகளுக்கு நோட்டு ஒன்றும் புதிதில்லை. எங்கள் பக்கத்தில் மொய் நோட்டு இல்லாத வீடு ஏது? காதுகுத்தில் யார் எவ்வளவு எழுதினார்கள் என்பதைப் பதினைந்து வருஷம் கழித்தும் பக்கம் புரட்டிப் பார்த்து, அதற்கு மேல் கூட்டித் திருப்பிச் செய்கிறோம். அந்த ஒழுங்கில் பத்தில் ஒரு பங்கு வீட்டு விஷயத்துக்கு வந்தால் போதும். 80 பக்க நீள நோட்டு ஒன்று, நான் கொடுத்தது 40 ரூபாய். நாமே வகுத்துக்கொள்ளலாம் என்பதுதான் டைரிக்கும் இதற்கும் வித்தியாசம்.

முதல் இரண்டு பக்கத்தில் வருஷத்துக்கான தேதிகளை மாத வரிசையில் எழுதியிருக்கிறோம். ஏப்ரல், அக்டோபர்: சொத்து வரி, மாதம் முடிவதற்குள் கட்டினால் சலுகை. ஜூன்: பள்ளிக்கூடம். எல்ஐசி பிரீமியம் எந்தெந்த மாதம், வண்டி இன்ஷூரன்ஸ் எப்போது முடிகிறது, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய கேஸ் டியூப் அடுத்து எந்த வருஷம். புதுக் காலண்டர் வாங்கிய அன்று இந்தப் பக்கத்தைப் பார்த்து அதில் குறித்துவிட்டால் அரை மணி நேரத்தில் ஒரு வருஷம் தயார்.

அப்புறம் மளிகை லிஸ்ட். மாதா மாதம் புதிதாக யோசித்து எழுதுவதை நிறுத்திவிட்டோம். வழக்கமாக வாங்குகிற சாமான் 46, அவற்றை ஒரு தடவை வரிசையாக எழுதி, பக்கத்தில் மாதத்துக்கு ஒரு பத்தியாகக் கோடு போட்டாயிற்று. டப்பாக்களைப் பார்த்து, வேண்டிய அளவை மட்டும் அந்தப் பத்தியில் நிரப்ப வேண்டும். ஒரு விஷயம், ரேஷன் கடைக்குப் போய்வந்த பிறகுதான் லிஸ்டில் பருப்பையும் எண்ணெயையும் எழுத வேண்டும். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் அங்கே கொடுக்கும்போது, முன்கூட்டியே எழுதிவிட்டால் கடையில் அதே சாமானுக்குப் பல மடங்கு கொடுத்து வாங்கி வந்துவிடுவோம், நாங்கள் பல மாதம் அப்படிச் செய்திருக்கிறோம். கடைக்குப் போகும்போது நோட்டைத் தூக்கிப் போவதில்லை, அந்தப் பக்கத்தையும் சிலேட்டையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறேன்.

நோட்டில் தோற்றதும் உண்டு, செலவுக் கணக்கு. தினமும் இரவு ஒவ்வொரு ரூபாயையும் எழுதுவது என்று ஆரம்பித்து மூன்று வாரம்கூடத் தாண்டவில்லை. யூபிஐயில் அனுப்பிய கணக்கு போனிலேயே இருக்கிறதே என்று பார்த்தால், அதில் ஒரு கடையின் பெயரும் 640 என்ற எண்ணும்தான் இருக்கிறது, என்ன வாங்கினோம் என்பது இல்லை. இப்போது ஞாயிறு இரவு மட்டும் ஐந்து தலைப்பில் எழுதுகிறோம்: பால், மளிகை, காய்கறி, மருந்து, மற்றவை. முழு ரூபாயில், தோராயமாக. காய்கறிப் பணத்தை மட்டும் மாதத் தொடக்கத்திலேயே ரொக்கமாக எடுத்து நான்கு கவரில் போட்டுவிடுகிறோம், வாரத்துக்கு ஒரு கவர். இந்தக் கவர் முறை மற்ற செலவுகளுக்கும் ஒத்துவரும் என்று சிலர் சொல்கிறார்கள், எங்களுக்குக் காய்கறியைத் தாண்டி அது நிற்கவில்லை.

எது ஒன்றை மட்டும் வாங்கலாம் என்று கேட்டால் மாதக் காலண்டர் என்பேன், தயக்கமே இல்லாமல். கூட இன்னொன்றுக்குப் பணம் இருந்தால் நோட்டு. இரண்டும் சேர்ந்து எங்களுக்கு 90 ரூபாய், ஒரு வருஷத்துக்கு. போனில் 28 நாள் ரீசார்ஜும், மருத்துவரைப் பார்க்கிற நேரம் மாதிரி மணி அடித்தே தீர வேண்டிய விஷயங்களும் மட்டும். மூன்று நான்கு ஆப் போட்டு, டைரியும் வைத்து, பலகையும் மாட்டினால் எதில் எழுதினோம் என்று தேடுவதே தனி வேலையாகிவிடும், ஒரு விஷயத்துக்கு ஓர் இடம்தான் இருக்க வேண்டும்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்க விட மாட்டார்கள் என்றால் காலண்டரை ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டலாம், பீரோ கதவின் உள்பக்கம் வேண்டாம், அதுவும் மூடி வைத்த டைரி மாதிரிதான். வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் இருந்தால் குறிகளை வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டருக்கு ஒரு வட்டம், மாத்திரைக்குச் சிவப்புப் புள்ளி, பால் வராத நாளுக்குப் பெருக்கல். இவை எங்கள் இளையவன் போட்டுக் காட்டிய குறிகள்.

மாதம் முடிந்ததும் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். நாங்கள் சுருட்டி பீரோ மேலே வைத்திருக்கிறோம். போன திருவிழா மாதத் தாளை எடுத்துப் பார்த்தபோது, 40 நாள் வர வேண்டிய சிலிண்டர் 31 நாளில் தீர்ந்திருந்தது, பால் ஒன்பது நாள் "+1" என்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு இந்த வருஷம் பங்குனி கடைசியிலேயே இரண்டு சிலிண்டரும் நிறைந்திருக்கும்படி செய்துவிட்டோம். மனைவி இந்தச் சித்திரையிலும் தங்கை வீட்டுக்குப் போனாள், ஐந்து நாள், குழந்தையின் பிறந்தநாளுக்கு. இந்தத் தடவை போனில் அவளிடம் குழந்தையைப் பற்றி மட்டும்தான் பேசினோம்.